திரும்பி வந்த டிரையம்பும் அதன் ஹெட்லைட்டும்

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரை ஒட்டிய மெரிடன் தொழிற்சாலையிலிருந்து டிரையம்ப் நிறுவனம் 1959 மாடலாக ‘போனவில்’ என்ற 650 சிசி மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வேகச் சாதனைகளுக்குப் பெயர்போன உப்புச் சமவெளியின் பெயர் அது. யாரை மனதில் வைத்து இந்தப் பெயரைச் சூட்டினார்கள் என்று சொல்லத் தேவையில்லை. 1960களில் மெரிடனில் தயாரான வண்டிகளில் பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்கா போயிற்று. அரை நூற்றாண்டு கழிந்த இன்று, அவற்றில் பல திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. கலிஃபோர்னியா, அரிசோனா போன்ற வறண்ட ஊர்களில் நின்ற வண்டிகளை துரு அதிகம் தின்றிருக்காது என்பதால், பிரிட்டிஷ் ஆர்வலர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

இப்படி வாங்கியவர் முதல் வாரத்திலேயே கவனிக்கும் குறை ஹெட்லைட். “வெளிச்சம் போதவில்லை” என்பார். அதிக வாட் பல்பு ஒன்றைப் போட்டால் சரியாகிவிடும் என்று எண்ணுவார். பல நேரங்களில் அது சரியாவதில்லை, புதிய தொல்லைகளும் சேர்ந்துகொள்கின்றன. அமெரிக்கா போய் வந்த வண்டியின் விளக்கில் வெளிச்சத்தின் அளவைவிட, அது விழும் இடம்தான் முதல் சிக்கல். அதைப் புரிந்துகொள்ள, ஹெட்லைட் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஹெட்லைட் என்பது பல்பு மட்டுமல்ல. ஒளியைத் தருவது பல்புக்குள் இருக்கும் மெல்லிய இழை. அதன் பின்னால் குழிந்த ரிஃப்ளெக்டர், முன்னால் வரிவரியாக அச்சு வார்த்த கண்ணாடி. ரிஃப்ளெக்டரின் வளைவுக்கு ஒரு குவியம் உண்டு. இழை சரியாக அந்தப் புள்ளியில் இருந்தால், பட்டுத் திரும்பும் ஒளி நேர்கற்றையாக நெடுந்தூரம் பாயும். கண்ணாடியில் உள்ள வரிகளும் பட்டைகளும் அந்தக் கற்றையைப் பிரித்து, சாலையின் அகலத்துக்குப் பரப்பும். இழை குவியத்திலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் ஒளி வேறு திசைக்குப் போய்விடும். இந்த நுணுக்கத்தைப் பயன்படுத்தித்தான் ஒரே விளக்கில் இரண்டு விதமான ஒளியைத் தருகிறார்கள். தூரத்துக்குப் பாயும் ஒளி ‘பிரைட்’. எதிரே வருபவரின் கண் கூசாதபடி கீழே சாயும் ஒளி ‘டிம்’. நம் பணிமனைகளில் வழங்கும் இந்தச் சொற்களையே இங்கும் பயன்படுத்துவோம்.

டிம்முக்கென்று பல்புக்குள் இரண்டாவது இழை ஒன்று இருக்கும். பழைய பிரிட்டிஷ் முறையில் அது குவியத்துக்குச் சற்று மேலேயும் பக்கவாட்டிலும் இருக்கும். ஆகவே கற்றை முழுவதும் கீழே இறங்கி ஓரமாகச் சாயும். எந்த ஓரம் என்பது இழையை எந்தப் பக்கம் தள்ளி வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. லூகாஸ் நிறுவனம் ஏற்றுமதிச் சந்தைகளை முன்னிட்டு இடப்பக்கம் சாய்வது, வலப்பக்கம் சாய்வது, நேர்கீழே சாய்வது என மூன்று வகைப் பல்புகளைத் தயாரித்தது. இன்று பரவலாக உள்ள ‘எச்4’ பல்பு ஆலசன் வகையைச் சேர்ந்தது. 1971இல் வந்த இதில் வழி வேறு. டிம் இழை குவியத்துக்கு முன்னால் இருக்கிறது. அதன் அடியில் கரண்டி போன்ற சிறு உலோகத் தடுப்பு ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் மறைக்கிறது. மேல்பாதியில் பட்ட ஒளி மட்டும் கீழ்நோக்கி வருகிறது. இதனால் சுவரில் பார்த்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று கோடு கிழித்தாற்போல் ஓர் எல்லை தெரியும்.

அந்த எல்லைக்கோடு முழுவதும் மட்டமாக இருப்பதில்லை. 1957 முதல் ஐரோப்பாவில் பரவிய அமைப்பில், சாலையோரப் பக்கம் மட்டும் கோடு சுமார் 15 டிகிரி மேலேறிப் போகும். நடந்து செல்பவரும் ஓரப் பலகையும் அங்கேதான் இருப்பார்கள். எதிர்ப்பக்கம் கோடு தாழ்ந்தே இருக்கும், ஏனென்றால் அங்கே எதிரே வருபவரின் கண்கள். அமெரிக்க விளக்குகளில் இவ்வளவு கூரான எல்லைக்கோடு கிடையாது என்றாலும், ஒளியின் அடர்த்தி கீழேயும் வலப்பக்கமும் குவியும்படிதான் வார்த்திருப்பார்கள்.

இனிச் சிக்கல் விளங்கும். அமெரிக்காவில் வாகனங்கள் வலப்பக்கம் போகின்றன, பிரிட்டனில் இடப்பக்கம். அமெரிக்கச் சாலைக்குச் செய்த விளக்கை பிரிட்டனில் எரியவிட்டால், ஓரத்துக்குப் போக வேண்டிய ஒளி எதிரே வருபவரின் முகத்துக்குப் போகிறது. ஓட்டுபவருக்குத் தேவையான இடது ஓரமோ இருட்டில் கிடக்கிறது. அதிக வாட் பல்பு போட்டால் எதிரே வருபவருக்குக் கூச்சம் கூடும், ஓரத்து இருட்டு குறையாது. திருகைத் தளர்த்தி விளக்கைக் கீழே குனிய வைத்தால் கூச்சம் தீரலாம், ஆனால் பார்வை சில மீட்டரோடு நின்றுவிடும். 1967 செப்டம்பர் 3 அன்று சுவீடன் நாடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியபோது சாலைக் குறிகளோடு வாகனங்களின் ஹெட்லைட்டுகளையும் மாற்றவோ திருத்தவோ வேண்டியிருந்தது. ஒரு நாடே செய்த அந்த வேலையை, கடல் தாண்டி வரும் ஒவ்வொரு வண்டிக்கும் அதன் உரிமையாளர் தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. இருபுறமும் சமமாக ஒளி விழும் மோட்டார் சைக்கிள் விளக்குகளும் உண்டு. அவற்றுக்கு மட்டும் இந்தப் பக்கச் சிக்கல் இல்லை.

கழற்றிப் பார்த்தால் அமெரிக்க வண்டியில் பெரும்பாலும் ‘சீல்டு பீம்’ இருக்கும். இழை, ரிஃப்ளெக்டர், கண்ணாடி மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் காற்றுப் புகாமல் மூடிய விளக்கு அது. 1940இல் அமெரிக்கக் கார்களுக்கு 7 அங்குல வட்டமான சீல்டு பீமே பொது அளவாயிற்று. அதற்குத் தக்க காரணம் இருந்தது. பழைய விளக்குகளில் தூசியும் ஈரமும் புகுந்து ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சை மங்கச் செய்யும். பல்பை மாற்றும்போது இழை இடம் தவறும். சீல்டு பீமில் இரண்டுக்கும் வழியில்லை. ஆனால் ஓர் இழை அறுந்தாலும் முழு விளக்கையும் தூக்கிப்போட வேண்டும். நம் விஷயத்தில் முக்கியமானது இன்னொன்று. கண்ணாடியையும் இழையையும் பிரிக்க முடியாது என்பதால், சாயும் பக்கத்தையும் மாற்ற முடியாது. வலப்பக்க சீல்டு பீமை எடுத்துவிட்டு இடப்பக்க விளக்கைப் பொருத்துவது ஒன்றே வழி. கண்ணாடியில் கறுப்பு ஒட்டு ஒட்டி மறைப்பது, படகேறி ஒரு வாரம் பிரான்ஸ் சென்று திரும்பும் பயணிக்கான ஏற்பாடு. அது ஒளியைத் தடுக்குமே தவிர, ஓரத்துக்குத் திருப்பிவிடாது.

புதிய விளக்கு எந்தப் பக்கத்துக்கானது என்பதைக் கண்ணாடியே சொல்லும். விளக்கின் முன்னால் நின்று, கண்ணாடியின் அடிப்பகுதியில் வார்த்திருக்கும் பொடி எழுத்துகளைக் கவனிக்க வேண்டும். வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால், ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைய விதிப்படி ஒப்புதல் பெற்றது என்று பொருள். எண் ஒப்புதல் தந்த நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 11 பிரிட்டன். அருகில் படுக்கைவாக்கில் ஓர் அம்புக்குறி இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பார்ப்பவரின் வலக்கைப் பக்கம் நோக்கிய அம்பு இருந்தால், அது இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. விளக்குக்கு எதிரே நிற்பவரின் வலம்தான் ஓட்டுபவரின் இடம், அதனால் குழம்ப வேண்டாம். இருமுனை அம்பு இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் பொருத்தலாம். அம்பே இல்லையென்றால் வலப்பக்க நாடுகளுக்கு மட்டும். கடையில் வாங்கும்போது அரை நிமிடம் செலவிட்டு இதைப் பார்த்துவிட்டால், பின்னால் வரும் தொல்லையில் பாதி தீர்ந்துவிடும். அமெரிக்க விளக்குகளில் இந்த அம்பு முறை கிடையாது, அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் ‘டி.ஓ.டி.’ குறி மட்டும் இருக்கும்.

அளவில் அதிகத் தொல்லை இல்லை. 7 அங்குலம், அதாவது 178 மில்லிமீட்டர், நெடுங்காலமாகப் பொது அளவு. சிறியது 5¾ அங்குலம். லூகாஸ் விளக்கில் வெளிவளையத்தைக் கழற்றித் திருப்பினால், ஆங்கில ‘டபிள்யூ’ வடிவில் வளைந்த சிறு எஃகு வில்கள் ரிஃப்ளெக்டரை வளையத்தோடு அழுத்திப் பிடித்திருப்பது தெரியும். ஒரு முனையைக் கட்டைவிரலால் அமுக்கி வளையத்தின் உதட்டிலிருந்து நழுவவிட்டால் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். இந்த வேலையில் துணியை விரித்துக்கொள்வதும் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வதும் நல்லது, வில் தெறித்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பலர் பார்க்க மறப்பது ஆழத்தை. எச்4 பல்பின் பின்முனையும் அதன் இணைப்பும் ரப்பர் உறையும் ரிஃப்ளெக்டருக்குப் பின்னால் கணிசமாக நீண்டிருக்கும். டிரையம்பின் விளக்குக் கிண்ணத்துக்குள்ளோ ஏற்கெனவே ஆம்பியர் மீட்டர், சுவிட்ச், ஒயர் கொத்து எல்லாம் நெருக்கியடித்து இருக்கும். வளையத்தை வலுவாக அழுத்தி மூடினால், இணைப்பு முனை ஆம்பியர் மீட்டரின் பின்பக்கத் திருகில் முட்டக்கூடும். பழைய வண்டிகளில் ஃபியூஸ் ஒன்றே ஒன்றுதான், அதுவும் பேட்டரி அருகே. கிண்ணத்துக்குள் ஒயர் உரசித் தேய்ந்தால் புகை வரும்.

லூகாஸ் என்ற பெயரைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பர்மிங்காமின் அந்த நிறுவனம் டிவிஎஸ்ஸுடன் சேர்ந்து சென்னை பாடியில் தொடங்கிய ஆலையால், ‘லூகாஸ்’ அங்கே ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. மெரிடன் வண்டிகளின் மின்சாரப் பாகங்கள் பெரும்பாலும் பர்மிங்காம் லூகாஸின் தயாரிப்புகள். விளக்கு மாற்றும் வேலையின் அடுத்த பாதி அந்த மின்சாரத்தைப் பற்றியது.

டிரையம்பின் 650 சிசி வண்டிகள் 1966 மாடல் முதல் 12 வோல்ட்டுக்கு மாறின, அதற்கு முந்தையவை 6 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர், அதாவது ஒயரில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு வரும். 6 வோல்ட் வண்டியின் 30 வாட் பல்புக்கு 5 ஆம்பியர் தேவை. அதே வண்டியில் 55 வாட் பல்பு போட்டால் 9 ஆம்பியருக்கு மேல் ஓடும். அந்த ஒயரும் சுவிட்சும் அதற்காகச் செய்யப்பட்டவையல்ல. ஆகவே 6 வோல்ட் வண்டிக்காரர்கள் முதலில் 12 வோல்ட்டுக்கு மாறுவதுதான் வழக்கம். மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் உள்ள மாடல்களில், பலவற்றில் அதை அப்படியே வைத்துக்கொண்டு பேட்டரி, பல்புகள், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஆகியவற்றை மாற்றினால் போதும்.

12 வோல்ட் வண்டியிலும் கணக்குப் பார்க்காமல் முடியாது. 1960களின் பிற்பகுதியில் வந்த லூகாஸ் ஆர்.எம்.21 ஆல்டர்னேட்டர் தருவது சுமார் 10 ஆம்பியர், அதுவும் என்ஜின் நன்கு சுழலும்போது மட்டும். முந்தைய பல்பு பிரைட்டில் 50, டிம்மில் 40 வாட். எச்4 பல்பு 60, 55 வாட். டிம்மில் மட்டும் 3.3 ஆம்பியர் 4.6 ஆம்பியராக ஏறுகிறது. இக்னிஷன் காயில்களும் பின் விளக்கும் பிரேக் விளக்கும் இதே 10 ஆம்பியரில்தான் பங்கு கேட்கின்றன. நெடுஞ்சாலையில் இது சமாளித்துவிடும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் நகரத்தில் வரவைவிடச் செலவு கூடி, பேட்டரி மெல்ல இறங்கும். ஆம்பியர் மீட்டரின் முள் நடுக்கோட்டுக்கு இடப்பக்கமே சாய்ந்து நின்றால் அதுதான் அறிகுறி. மிஞ்சும் மின்சாரத்துக்கும் அந்த வண்டியில் வழி இருந்தது. ஸீனர் டையோடு என்ற சிறு பாகம், மேல்நிலைத் தொட்டி நிறைந்தால் வழிந்தோட வைத்த குழாய் போல, அதிகப்படி மின்சாரத்தை எடுத்து வெப்பமாக்கி வெளியேற்றிவிடும். விளக்கு அதிகம் தின்னும்போது அதற்கு வேலை இருக்காது.

நகரத்தில் அதிகம் ஓட்டுபவர் எச்4 ரிஃப்ளெக்டருக்குள் 35 வாட் பல்பு போட்டுக்கொள்ளலாம், அந்த அடிப்பகுதியுடனேயே கிடைக்கிறது. இந்தியச் சாலைகளில் ஓடும் எத்தனையோ மோட்டார் சைக்கிள்களில் 35 வாட் ஆலசன் பல்பே எரிகிறது. அவற்றில் பலவற்றுக்கு ‘எச்எஸ்1’ என்ற வேறு வகைப் பல்பு. அதன் அடித்தகடு எச்4 போலவே தோன்றினாலும் பற்களின் அமைப்பு வேறு. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் அடித்துச் சொருகினால் இழை குவியத்தை விட்டு விலகிவிடும், அதன் விளைவு மேலே சொன்னதுதான்.

பல்பை மாற்றாமலே வெளிச்சத்தைக் கூட்டும் வழியும் உண்டு. பழைய வண்டியில் பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் ஆம்பியர் மீட்டர், சாவி சுவிட்ச், லைட் சுவிட்ச், ஹேண்டில்பாரிலுள்ள டிம் சுவிட்ச் என்று ஊர் சுற்றித்தான் பல்பை அடைகிறது. பச்சை பூத்த ஒவ்வோர் இணைப்பும் கொஞ்சம் வோல்ட்டைத் தின்றுவிடும். இழைப் பல்பின் ஒளி வோல்ட்டுக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை, சுமார் 3.4 மடிப் பெருக்கத்தில் குறைகிறது. எளிதாகச் சொன்னால், வழியில் 10 சதவீத வோல்ட் போனால் ஒளியில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பேட்டரி முனையில் எத்தனை வோல்ட், விளக்கு எரியும்போது பல்பின் முனையில் எத்தனை வோல்ட் என்று ஒரு மீட்டரை வைத்துப் பார்த்தால் இழப்பு தெரிந்துவிடும். இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, விளக்குக்கென்று தனி எர்த் ஒயர் இழுப்பது முதல் மருந்து. அடுத்தது ரிலே. சிறு மின்னோட்டத்தால் இயங்கிப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் சுவிட்ச் அது. ரிலே வைத்தால் பழைய சுவிட்ச்கள் கட்டளை மட்டும் தரும், பல்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரே வரும். “வெளிச்சம் போதவில்லை” என்ற புகார்களில் எத்தனையோ இங்கேயே தீர்ந்துவிடக்கூடியவை.

எல்இடி பல்பு மின்சாரத்தைக் குறைவாகத்தான் எடுக்கும், ஆகவே பலருடைய கண் அதன்மேல் இருக்கிறது. ஆனால் இந்த வண்டிகள் ‘பாசிட்டிவ் எர்த்’ முறையில் ஒயரிங் செய்தவை. அதாவது பேட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும், இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிராக. இழைப் பல்புக்கு மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான். எல்இடி பல்பின் உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்றுக்கு அப்படியல்ல. முனை மாறினால் எரியாது, சில பழுதாகவும் கூடும். பாசிட்டிவ் எர்த்துக்கென்றே செய்தவை கிடைக்கின்றன, அவற்றைத்தான் வாங்க வேண்டும். இன்னொரு கேள்வியும் உண்டு. ரிஃப்ளெக்டர் ஓர் இழையைக் கருதி வளைக்கப்பட்டது. எல்இடி சில்லுகள் அந்த இழையின் இடத்திலேயே, அதே அளவில் இல்லையென்றால், சுவரில் எல்லைக்கோடு கலங்கிவிடும். வெள்ளை வெளேரென்று எரிவது கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிந்தாலும், அந்த ஒளி சாலைக்குப் போகிறதா என்பது வேறு விஷயம்.

எதைப் பொருத்தினாலும் கடைசியில் கோணம் பார்க்க வேண்டும். சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்த வேண்டும். டயர்களில் காற்று சரியாக இருக்க வேண்டும். ஓட்டுபவரே ஏறி உட்கார வேண்டும். ஆள் உட்காரும்போது பின்பக்க ஸ்பிரிங் இறங்கி முன்பக்கம் நிமிரும், ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்த கோணம் சாலையில் பொய்யாகிவிடும். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. டிம்மின் எல்லை அதற்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும், அதாவது 1 முதல் 2 சதவீதச் சரிவு. இடப்பக்கம் கோடு மேலேறுகிறதா என்பதையும் இங்கேயே கண்ணால் பார்த்துவிடலாம். பின்னால் ஆள் ஏற்றிச் செல்பவர், அந்த ஆளையும் உட்காரவைத்து இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

பிரிட்டனில் 40 ஆண்டைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2018 மே 20 முதல் ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. விளக்குச் சட்டத்திலிருந்து இது விலக்கு அல்ல. ஆண்டுதோறும் விளக்கின் கோணத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்தார், இப்போது அந்த வேலை உரிமையாளரின் பொறுப்புக்கு வந்துவிட்டது. இந்தியாவில் 2021இல் வந்த விதிகள் 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு, இறக்குமதியானவை உட்பட, ‘விஏ’ வரிசையில் தனிப் பதிவெண் தருகின்றன. அன்றாடம் ஓட்ட அனுமதியில்லை, கண்காட்சிக்கும் பேரணிக்கும் எடுத்துச் செல்லலாம். மூல வடிவம் பெரிதும் மாறாமல் இருக்க வேண்டும். பிரிட்டனும் இந்தியாவும் இலங்கையும் இடப்பக்க நாடுகள், ஆகவே பிரிட்டனிலிருந்து நேரே வரும் வண்டிக்குப் பக்கத் தொல்லை வருவதில்லை. அமெரிக்காவிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ செக் நாட்டிலிருந்தோ வந்த வண்டிக்கு மேலே சொன்னவை அனைத்தும் பொருந்தும்.

பழைய வண்டியில் எதையும் மாற்றக் கூடாது என்போரின் தயக்கம் மதிக்கத்தக்கது. அந்த சீல்டு பீமும் வண்டியின் வரலாற்றில் ஒரு பகுதிதான். அதைத் துணியில் சுற்றி வளையத்தோடு எடுத்து வைத்தால் வரலாறு எங்கும் போய்விடாது, கிண்ணத்தை வெட்டாமல் துளையிடாமல் மாற்றினால் எப்போது வேண்டுமானாலும் திருப்பிப் பொருத்தலாம். எங்கள் கருத்தில், பக்கத்தைச் சரிசெய்வது விருப்பத்துக்கு விட்ட வேலையல்ல. ஒயரிங்கைச் சீராக்குவது அதற்கடுத்து. அதிக வாட்டும் எல்இடியும் அவரவர் வசதி. விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு: 7 அங்குல விளக்குக்கு விளம்பரம் எழுதும்போது விட்டத்தையும் பல்பு வகையையும் குறிப்பிடுவது போல, அது இடப்பக்கச் சாலைக்கா வலப்பக்கச் சாலைக்கா என்பதையும் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.